இதோ குடுக்கிறேன், பேசுங்க

ஐந்து பேரில் எல்லை தாண்டிய பிறகும் உயிரோடு இருக்கிற சிம் ஒன்றே ஒன்றுதான். அது அவளிடம் இருந்தது. மற்ற நாலு பேரும் மாணவர்களுக்கென்று விற்ற மலிவு சிம்மை வாங்கிப் போட்டிருந்தார்கள். ரயில் பக்கத்து நாட்டுக்குள் மூக்கை நுழைத்ததுமே அது செத்துப்போகும். பரிமாற்ற மாணவர்களாக ஆறு மாதம் படிக்க வந்த கூட்டம் அது. படிப்பெல்லாம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை விடிந்தும் அறையில் கிடப்பது பெரும் பாவம் என்பதுபோலப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் ஐந்து வீட்டிலும் அவள் நம்பரைத்தான் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். யாருக்கு என்ன சேதி என்றாலும் அவள் வழியாகத்தான். அவளுக்குப் 'போஸ்ட் ஆபீஸ்' என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அவள் அம்மாவுக்கோ தலைகால் புரியாத பெருமை. நாலு அம்மாக்களும் ஒரு அக்காவும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். 'எதுவா இருந்தாலும் எம்பொண்ணுக்குப் போடுங்க, அவ பொறுப்பா சொல்லிடுவா' என்று அவள் அம்மா அதில் வாரம் தவறாமல் எழுதுவாள். பொறுப்பு என்ற சொல்லை அந்த அம்மா வேறு எதற்கும் அவ்வளவு செலவழித்ததில்லை.

மற்ற நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்குத் தலைவன் டைம்டேபிள். ஊர் சுற்றுவதை அரசாங்க வேலை மாதிரி செய்கிறவன். ஒன்பது பதினாலுக்கு ரயில், பத்து ஐந்துக்குக் கோட்டை, பத்து இருபத்தைந்துக்குக் கோட்டை முடிந்தது என்று தாளில் அச்சடித்துக் கையில் கொடுப்பான். அடுத்தவள் கேமரா, போஸ்ட் ஆபீஸின் அறைத்தோழி. எந்த இடத்தையும் கண்ணால் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. மூன்றாமவன் சாமியார். ரயில் ஏறியதும் தூங்குவான், எழுந்ததும் தத்துவம் பேசுவான். தத்துவத்தைவிடத் தூக்கம் எவ்வளவோ மேல்.

நாலாவது ஆள் டிக்கெட். அவன் படித்தது ரயில்வே சம்பந்தப்பட்ட பாடம். ரயில் கம்பெனி அந்தத் துறை மாணவர்களுக்கு மட்டும் ஓர் அட்டை கொடுத்திருந்தது. அட்டைக்காரனோடு நாலு பேர் கால் கட்டணத்தில் போகலாம். ஆனால் அட்டையும் அதில் படம் போட்டிருக்கிற ஆளும் பெட்டியில் சேர்ந்து இருக்க வேண்டும். பரிசோதகர் வந்து அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் நகர்வார். அவன் இறங்கிவிட்டால் மற்ற நாலு பேரும் இறங்க வேண்டியதுதான். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். இது அவனுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் எல்லாருக்கும் காபி வாங்கிக்கொண்டு வருகிற பிறவி சில பேர் இருக்கிறார்கள்.

அவனுக்கு அம்மா இல்லை. அக்காதான் வளர்த்தாள். அப்பா ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் ஐஸ் பார் இழுத்தவர். விரல் நுனி எல்லாம் செத்துப்போய், சுடுதண்ணீரில் கை வைத்தாலும் அவருக்குத் தெரியாது. மகன் வெளிநாடு போகிறேன் என்றதும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டார். இவனும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டான். அக்காதான் காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா இவன் போனுக்குக் கூப்பிடுவாள். பின்னால் அப்பா இருமுவது கேட்கும். 'அப்பா பக்கத்துலதான் இருக்காரு, குடுக்கவா' என்பாள். 'வேணாம்' என்பான். ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது இதையெல்லாம் போஸ்ட் ஆபீஸிடம் அவனே சொன்னான். சாயங்காலத்துக்குள் நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. போஸ்ட் ஆபீஸ் இல்லையா.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவள் போனில் ஒரு வசதி இருந்தது. அழைப்பை எடுக்காவிட்டாலோ, துண்டித்துவிட்டாலோ, அவள் பதிந்து வைத்த குரல் பேசும். பிறகு கூப்பிட்டவர் சொல்வது பெட்டியில் பதிவாகும். சாதாரணமாக எல்லாரும் 'இப்போது எடுக்க முடியவில்லை, சேதி சொல்லுங்கள்' என்று பதிவார்கள். டைம்டேபிளுக்கு ஒரு குறும்பு யோசனை வந்தது. அவன் எழுதிக் கொடுத்ததை அவள் அப்படியே ரயில் சத்தத்துக்கு நடுவில் நின்று பதிந்தாள். "ஹலோ... ஆங், சொல்லுங்க... பக்கத்துலதான் இருக்கான், இதோ குடுக்கிறேன், பேசுங்க!" பீப் சத்தத்தைக்கூட அமைப்பில் போய் அணைத்துவிட்டான்.

கூப்பிட்ட பையன்கள் வீடெல்லாம் ஏமாந்தது. டைம்டேபிளின் அம்மா அவனுடைய வயிற்றுக்கோளாறைப் பற்றி நாலு நிமிஷம் பேசிவிட்டு, 'என்னடா பதிலே காணோம்' என்று திட்டி வைத்தாள். சாமியாரின் அப்பா எதிரே யாரும் இல்லாமலே சண்டை போட்டு, சமாதானமும் ஆனார். சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு இதுதான் தொட்டுக்கொள்ள. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஏன் பேசவில்லை என்று வீட்டில் கேட்டால், 'சிக்னல் விட்டு விட்டு வந்துச்சும்மா' என்று ஒரே பதில். பெற்றவர்களை இப்படி வைத்துச் சிரிக்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டிக்கெட் மட்டும் ஒரு தடவை, "பாவம்டா, விட்டுருங்க" என்றான். அவன் வீட்டிலிருந்து அந்த நம்பருக்கு யாரும் கூப்பிட்டதில்லை. அதனால் அவனுக்குச் சொல்ல உரிமை இல்லை என்று முடிவாகிவிட்டது.

கடைசி வாரம் வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். பக்கத்து நாட்டில் உச்சி வரைக்கும் சின்ன ரயில் போகிற பனி மலை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பழுது பார்ப்பதற்காக அந்த ரயிலை இரண்டு மாதம் நிறுத்தப்போகிறார்கள். ஆக, சனிக்கிழமை விட்டால் கிடையாது. போஸ்ட் ஆபீஸ் பனியைத் தொட்டதே இல்லை. இதற்கு முன்பு இரண்டு தடவை அந்த மலைக்கு ஏற்பாடு செய்தபோது ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல், ஒரு தடவை சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிற முறை. இந்தத் தடவை அம்மா முன்கூட்டியே குழுவில் எழுதிவிட்டாள், 'எங்க பொண்ணு பனிமலை போறா, போட்டோ வரும்' என்று.

காலை எட்டரை மணிக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் இறங்கினார்கள். மலை ரயிலுக்கு இருபது நிமிஷம் இருந்தது. பிளாட்பாரத்தில் இரும்பு பெஞ்சு சில்லென்று இருந்தது. டிக்கெட் காபி வாங்கப் போனான்.

"உனக்கு சர்க்கரை ரெண்டுதானே?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போனான்.

அவன் போய் வரிசையில் நின்றதும் போன் அடித்தது. டிக்கெட்டின் அக்கா.

"அம்மா, தம்பி பக்கத்துல இருக்கானாம்மா?"

குரலே சரியில்லை. போஸ்ட் ஆபீஸ் எழுந்து நின்றுவிட்டாள். "இருக்கான்க்கா. காபி வாங்கப் போயிருக்கான். என்னக்கா?"

"அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். மூச்சு விட முடியல. தொண்டைல குழாய் போடணும்கறாங்க. போட்டுட்டா பேச முடியாது. அதுக்கு முன்னாடி தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு சைகை காட்டிக்கிட்டே இருக்காரு. டாக்டர் அரை மணி நேரம்தான் குடுத்திருக்காரு. அவன் நம்பர் போகவே மாட்டேங்குது. வந்ததும் குடும்மா. கோவத்தையெல்லாம் விட்டுட்டுப் பேசச் சொல்லு."

"அஞ்சு நிமிஷத்துல குடுக்கிறேன்க்கா."

இதைச் சொல்லும்போது அவள் மனசில் கள்ளம் இல்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். வரிசை முப்பது அடி தூரத்தில் இருந்தது. அவன் பழுப்புக் குல்லாய் தெரிந்தது. நேராக நடந்து போய் போனைக் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் திரும்பி மற்ற மூன்று பேரையும் பார்த்தாள். அங்கேதான் கெட்டது.

விஷயத்தைக் கேட்டதும் கேமரா வாயில் கையை வைத்துக்கொண்டாள். சாமியார் கண்ணை மூடித் திறந்தான். டைம்டேபிள் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"இப்பச் சொன்னா அவன் அடுத்த ரயில்லயே திரும்பிடுவான்" என்றான்.

"திரும்பட்டுமே" என்றாள் கேமரா, சும்மா சொல்லி வைப்பதுபோல.

"அவன் போனா அட்டை போச்சு. நாமளும் திரும்ப வேண்டியதுதான். மலை ரயில் இன்னிக்கோட சரி. யோசிச்சுப் பாரு, இப்பத் திரும்பி என்ன பண்ணப்போறான்? அவங்க ஊருக்கு ஃப்ளைட் நாளைக்குத்தான். ரூம்ல உக்காந்து அழுவான். அதுக்கு சாயங்காலம் சொல்லலாம். நாமளே கூட இருந்து டிக்கெட் போட்டுக் குடுக்கலாம்."

"ஆனா பேசணும்கறாரு" என்றாள் போஸ்ட் ஆபீஸ். "குழாய் போட்டுட்டா பேச முடியாதாம்."

"அவங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கிறதே இல்லையே! நீதானே சொன்ன. குடுத்தா இவன் ஏதாவது ஏடாகூடமா சொல்லிடுவான். அந்த மனுஷனுக்கு அதுவே அதிர்ச்சி ஆயிடும்."

சாமியார் தன் பங்குக்கு, "நடக்கறது நம்ம கைல இல்ல" என்றான். கையில் இருந்தது போன். அதை ஒருவரும் சொல்லவில்லை.

போஸ்ட் ஆபீஸ் மலையைப் பார்த்தாள். ஸ்டேஷன் கூரைக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. மூன்றாவது தடவையும் போகாவிட்டால் என்று ஒரு எண்ணம் ஓடியது. ஒரு மனிதர் சாகக் கிடக்கும்போது இவளுக்கு ஓடிய எண்ணம் அதுதான். கூச்சப்பட்டாள், கூச்சப்பட்டுக்கொண்டே பேசாமல் இருந்தாள்.

டிக்கெட் ஐந்து கோப்பையையும் அட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, சிந்தாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தான். அவளுடையதை முதலில் எடுத்துக் கொடுத்தான்.

"ஏன் எல்லாரும் இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றான்.

"குளிர்டா" என்றான் டைம்டேபிள்.

காபியில் சர்க்கரை இரண்டு சரியாக இருந்தது. அவள் குடித்தாள்.

மலை ரயில் கிளம்பிப் பத்து நிமிஷம் இருக்கும், மறுபடி போன் அதிர்ந்தது. அவன் எதிரே உட்கார்ந்து பரிசோதகரிடம் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தான். பரிசோதகர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், புன்னகை செய்தார். அவள் சட்டைப் பையில் கையை விட்டு, எடுத்துப் பார்க்காமலே பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்தாள். அது இன்னொரு தடவை அடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த நிமிஷம் தன் போன் என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவளுக்கு நினைவே வரவில்லை.

உச்சியில் இறங்கியதும் எல்லாரும் பனிக்குள் ஓடினார்கள். அவளும் ஓடினாள். கையுறையைக் கழற்றி இரண்டு கையாலும் அள்ளினாள். கேமரா அதைப் பதினேழு படம் எடுத்தாள். டிக்கெட் ஒரு பனிக்கட்டி விளிம்பைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எங்கப்பா மட்டும் இதைப் பாத்தா என்ன சொல்லுவாரு தெரியுமா? முப்பது வருஷம் எனக்குக் கூலி குடுத்து ஐஸ்ல நிக்க வெச்சாங்க, உங்ககிட்டக் காசு வாங்கிக்கிட்டு நிக்க வெக்கறாங்களேன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

கழிவறைக்குப் போன இடத்தில்தான் அவள் போனைப் பார்த்தாள். பெட்டியில் ஒரு புதுச் சேதி. அக்கா நம்பர். இரண்டு நிமிஷம் ஆறு வினாடி. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு காதில் வைத்தாள்.

முதலில் அக்கா குரல், தூரத்தில். "எடுத்துட்டாங்கப்பா. குடுக்கிறேங்கறா. பேசுங்கப்பா, தம்பி லைன்ல இருக்கான்."

பிறகு மூச்சு. நீளமாக, அறுத்து அறுத்து. அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"தம்பி... நான்தான்ப்பா... கோவமா இருக்கியா. இருந்துட்டுப் போ... கையெழுத்துப் போட மாட்டேன்னது... படிப்பு வேணாம்னு இல்லப்பா. நீயும் போயிட்டா நான் யார்கூட சண்டை போடறது... அதான்... கேக்குதாப்பா?"

மூச்சு.

"கேக்குதா? ஒரு வார்த்தை சொல்லு... திட்டணும்னாலும் திட்டு..."

மூச்சு. எங்கோ ஒரு கருவி கீச்சிட்டது.

"சரி. பேச வேணாம். கேட்டுக்கிட்டிருக்க இல்ல. அது போதும்... அங்க குளிராமே... ஈரக் கையோட ஐஸைத் தொடாத. ஒட்டிக்கும். தோல் பிஞ்சிடும்..."

அப்புறம் யாரோ போனைப் பிடுங்கினார்கள். அக்கா அலறினாள். "டேய், ஒரு வார்த்தை பேசேன்டா! ஆமான்னாவது சொல்லேன்டா! கல்லாடா நீ? உள்ள கூட்டிட்டுப் போறாங்கடா..." அதோடு முடிந்தது.

போஸ்ட் ஆபீஸ் அழுதாள். நிஜமாகவே அழுதாள், சுவரில் சாய்ந்துகொண்டு, மூக்கு ஒழுக. அந்த அழுகையை வைத்து யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வெளியே வந்தால் டிக்கெட் நின்றுகொண்டிருந்தான்.

"உன் போனைக் கொஞ்சம் குடு. அப்பாகிட்டப் பேசணும்."

அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"இல்ல, மேல வந்ததுலேருந்து என்னமோ மாதிரி இருக்கு" என்றான், பனியைக் காலால் கீறிக்கொண்டு. "ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. நான்தான் சின்னவன், நான்தான் எறங்கிப் போகணும். இந்த ஐஸைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா சிரிச்சிடுவாரு. சிரிச்சிட்டாருன்னா சரியாயிடும். ரெண்டே நிமிஷம்."

"சிக்னல் இல்ல" என்றாள்.

"முழுசா காட்டுது பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். அவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இங்கேருந்து பேசினா ரொம்பக் காசு போகும். கீழ போய், எல்லை தாண்டினதும் உன் போன்லயே பேசிக்க."

அவன் முகம் சுருங்கியது. காசு விஷயத்தில் யாரையும் வற்புறுத்துகிறவன் இல்லை அவன். "சரி, கீழ போய்ப் பேசிக்கறேன்" என்றான். பிறகு அவள் கையைப் பார்த்தான். கழுவிவிட்டுத் துடைக்காமல் வந்திருந்தாள். "ஈரக் கையோட ஐஸைத் தொடாத. ஒட்டிக்கும். எங்கப்பா சொல்வாரு."

அவள் ஓடிப்போய் டைம்டேபிளைத் தனியாக இழுத்து, சேதியைப் போட்டுக் காட்டினாள். அவன் பாதியிலேயே நிறுத்தச் சொன்னான். அவன் முகமும் வெளுத்துத்தான் போயிற்று. ஆனால் வெளுத்த முகத்தோடும் அவனுக்குத் திட்டம் போட வந்தது.

"அழிச்சுடு."

"எப்படிடா..."

"இதை அவன் கேட்டான்னா வாழ்நாள் பூரா இதையே கேட்டுக்கிட்டிருப்பான். அவனுக்காகத்தான் சொல்றேன். அந்த 'இதோ குடுக்கிறேன்' இருக்கு பாரு, அதையும் தூக்கிடு. இது வெளிய வந்தா நாலு பேர்ல யார் பேரு கெடும்? என் பேரா? போன் உன்னுது, குரல் உன்னுது. உங்கம்மா குழுவுல தலை காட்ட முடியுமா?"

அவனுக்காகத்தான் என்றதைவிட அம்மா என்றது வேலை செய்தது. அவள் இரண்டையும் அழித்தாள். 'நிச்சயமாகவா?' என்று போன் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆம் என்று அழுத்தினாள்.

மூன்றரை மணிக்குத் திரும்பும் ரயில் எல்லையைத் தாண்டியது. அவன் போனுக்கு உயிர் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அது அடித்துக்கொண்டே இருந்தது. நாலு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் வேலி.

அவன் வெகுநேரம் படித்தான். பிறகு சத்தம் போடாமல் கேட்டான். "போஸ்ட் ஆபீஸ், அக்கா காலைல உன்கிட்டப் பேசினாளா?"

டைம்டேபிள் முந்திக்கொண்டான். "சாயங்காலம் பக்குவமா சொல்லலாம்னு இருந்தோம்டா. உன் நல்லதுக்குத்தான்."

"அப்பா போயிட்டாரு. குழாய் போட்டப்புறமும் மூணு மணி நேரம் நினைவோட இருந்தாராம். யார் உள்ள வந்தாலும் கதவையே பாத்தாராம்." அவன் குரலில் அழுகைகூட இல்லை. "நான் போனைக் கைல வெச்சுக்கிட்டு வாயே தொறக்கலன்னு அக்கா எழுதியிருக்கா. எனக்குப் புரியல. நான் எப்பப் போனைக் கைல வாங்கினேன்?"

அவனுக்கே மெதுவாகப் புரிந்தது. நாலு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அவளிடம் கை நீட்டினான்.

"அது பதிவாகியிருக்குமே. அதை மட்டும் குடு. நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன். சத்தியமா."

"அதுவா அழிஞ்சுடுச்சு" என்றாள்.

"என்ன சொன்னாரு? நீ கேட்டியா?"

'கேட்டுக்கிட்டிருக்க இல்ல, அது போதும்' என்று சொன்னார். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும், கேட்டும் அழித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நான் கேக்கவே இல்ல" என்றாள்.

மறுநாள் அவன் விமானம் ஏறினான். அவன் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரயில் அட்டையைச் சமையலறை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். டைம்டேபிள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆள் இல்லாம செல்லாது" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் சமையலறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் போன் அடித்தது. டிக்கெட். எடுக்க வேண்டாம் என்றாள் கேமரா. எடுக்காவிட்டால் சந்தேகம் வரும், ஸ்பீக்கரில் போடு என்றான் டைம்டேபிள்.

"போஸ்ட் ஆபீஸ், நான்தான்." குரல் கட்டியிருந்தது. "இங்க எல்லாரும் இருக்காங்க. அக்கா, சித்தப்பா, மாமா எல்லாரும். நான் சொன்னா யாரும் நம்பல. நான் உன்னை மாட்டி விடல. யாரோ விளையாட்டா பதிஞ்ச குரல்னு மட்டும் சொல்லு. அன்னிக்குப் போன் என் கைக்கு வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எனக்கு அது போதும்."

அதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டாள்.

"நீ சொல்லும்மா. உங்கம்மா உன்னை அவ்வளவு பொறுப்பான பொண்ணுன்னு சொல்லுவாங்க, நீ பொய் சொல்ல மாட்ட. 'இதோ குடுக்கிறேன், பேசுங்க'ன்னு நீ சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. அப்பா அத்தனை கெஞ்சினாரு, இவன் மூச்சு விடல. இப்ப வந்து அது மெஷின்கறான். மெஷின் தமிழ் பேசுமாம்மா? நீ சொல்லிட்டா நான் அவன் கால்ல விழறேன். குடுத்தியா இல்லையா?"

போஸ்ட் ஆபீஸ் நிமிர்ந்து பார்த்தாள். டைம்டேபிள் தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினான். கேமரா துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள். சாமியார் கண்ணை மூடிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் குழுவில் வந்துவிடும். நாலு அம்மாக்களும் படிப்பார்கள். அம்மா அதற்குக் கீழே என்ன எழுதுவாள் என்று நினைத்துப் பார்த்தாள்.

"குடுத்தேன்க்கா" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு கூட்டமே பெருமூச்சு விட்டது. "கேட்டுக்கிட்டியாடா?" என்று ஒரு ஆண் குரல். ஏதோ ஒன்று தரையில் இழுபட்டது. அக்கா வாய்விட்டு அழுகிற சத்தம் மெல்ல மெல்லத் தூரமாகப் போயிற்று. காலடிகள். ஒரு கதவு சாத்தியது.

சமையலறையில் மூன்று பேரும் சத்தமில்லாமல் பெட்டிக்குத் திரும்பினார்கள். அவள் துண்டிக்கலாம் என்று போனை எடுத்தாள். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் போனை யாரோ கையில் வைத்திருந்தார்கள். மூச்சு கேட்டது.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"ஹலோ" என்றாள். "நீதானே?"

மூச்சு.

"கோவமா இருக்கியா? திட்டணும்னா திட்டுடா... கேக்குதா? ஒரு வார்த்தை சொல்லேன்."

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பேசவில்லை.